இரண்டாவது ரவுட்டர் மாட்டியதும் இணையம் நின்றுவிட்டது: பின்கட்டு வைஃபை பற்றி

2 மார்ச் 2025, காலை 9.10 – கேள்வி

கும்பகோணத்தில் பழைய கட்டுவீடு. ஃபைபர் மோடம் ரேழியில் இருக்கிறது. என் அறை இரண்டாம் கட்டில். நடுவில் கூடம், முற்றம், சமையலறை. என் அறையில் வைஃபை ஒரு கோடுதான் வருகிறது. போன வாரம் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி, மோடத்திலிருந்து கேபிள் இழுத்து அறையில் மாட்டினேன். இப்போது போனில் சிக்னல் முழுதாக இருக்கிறது, ஆனால் "இணையம் இல்லை" என்று வருகிறது. ரவுட்டர் பழுது என்று நினைக்கிறேன். திருப்பிக் கொடுத்துவிட்டு விலை கூடியதாக ஒன்று வாங்கலாமா?

2 மார்ச், காலை 11.40 – பதில்

திருப்பிக் கொடுக்காதீர்கள். ரவுட்டர் நன்றாகத்தான் இருக்கும்.

ரேழியில் இருப்பதை நாம் மோடம் என்று சொல்கிறோம். ஆனால் அதற்குள்ளேயே ஒரு ரவுட்டர் இருக்கிறது. வீட்டிலுள்ள போன், டிவி எல்லாவற்றுக்கும் ஐபி முகவரி, அதாவது வலைக்குள் கருவியை அடையாளம் காட்டும் எண், கொடுப்பது அதுதான். அதன் சொந்த முகவரி பெரும்பாலும் 192.168.1.1. நீங்கள் வாங்கியதும் கடையிலிருந்து வரும்போதே அதே 192.168.1.1 என்று வைத்துக்கொண்டு வந்திருக்கும். இப்போது புது ரவுட்டருக்கு வெளிப்பக்கமும் 192.168.1, உள்பக்கமும் 192.168.1. உங்கள் போன் அனுப்புவதை எந்தப் பக்கம் தள்ளுவது என்று அதற்குத் தெரியவில்லை. சில புது மாடல்கள் இதைத் தானே கண்டுபிடித்து உள்பக்க எண்ணை மாற்றிக்கொள்ளும். உங்களுடையது மாற்றவில்லை போலிருக்கிறது.

சந்தேகமிருந்தால் லேப்டாப்பை புது ரவுட்டரில் கேபிளால் இணைத்து, பிரவுசரில் ரவுட்டரின் எண்ணை அடித்து அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, வான் ஐபி (வெளிப்பக்க எண்), லான் ஐபி (உள்பக்க எண்) இரண்டையும் பாருங்கள். இரண்டும் 192.168.1 என்று தொடங்கினால் இதுதான் காரணம்.

நான் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் இருக்கிறேன். எங்கள் வீடும் இதே அமைப்புதான், தெருவிலிருந்து கொல்லை வரை ஒரே நீளம். 2021இல் இதே இடத்தில் நான்கு நாள் மாட்டிக்கொண்டு நின்றேன். ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

2 மார்ச், மதியம் 12.25

உடனே இணையம் வர வேண்டும் என்றால் புது ரவுட்டரின் லான் ஐபியை 192.168.50.1 என்று மாற்றிச் சேமியுங்கள். இரண்டு நிமிடத்தில் வந்துவிடும்.

ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். இப்படிச் செய்தால் வீட்டுக்குள் இரண்டு தனி வலைகள் உண்டாகின்றன. முன்கட்டில் இருப்பவர்களின் கருவிகளால் உங்கள் அறைக்குள் எட்டிப்பார்க்க முடியாது. உங்கள் போனிலிருந்து கூடத்து டிவிக்குப் படம் அனுப்பப் பார்த்தால் டிவியே பட்டியலில் வராது. பிரின்டரும் அப்படித்தான். உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு தடவை நடப்பதால் சில ஆன்லைன் விளையாட்டுகளும் தகராறு செய்யும்.

ஒரு வீட்டுக்கு ரவுட்டர் வேலையை ஒரே பெட்டிதான் பார்க்க வேண்டும். மற்றவை வைஃபையை மட்டும் பரப்பட்டும். அதற்குப் பெயர் ஆக்சஸ் பாயின்ட். உங்கள் ரவுட்டரின் செட்டிங்ஸில் "ஆபரேஷன் மோடு" என்று ஓரிடம் இருந்தால் அதில் ஆக்சஸ் பாயின்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

அந்த வசதி இல்லையென்றால் கையால் செய்யலாம். லான் ஐபியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். சேமித்ததும் பக்கம் அறுந்துவிடும், பயப்பட வேண்டாம். புது எண்ணை அடித்து மறுபடி உள்ளே போய் டிஎச்சிபியை, அதாவது கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலையை, நிறுத்துங்கள். பிறகு ரேழியிலிருந்து வரும் கேபிளை வான் துளையிலிருந்து எடுத்து லான் துளை ஒன்றில் செருகுங்கள். வான் துளை காலியாகவே இருக்கட்டும்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். டிஎச்சிபியை முதலில் நிறுத்தினால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காது, ரவுட்டரின் பக்கத்தை மறுபடி திறக்க லேப்டாப்பில் கையால் ஐபி போட வேண்டிவரும்.

2 மார்ச், இரவு 9.05

மேலே எழுதியதில் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன், திருத்துகிறேன்.

192.168.1.2 என்ற எண்ணை ரேழி மோடம் வேறு யாருக்காவது கொடுத்துவிடக் கூடாது. சில மோடங்கள் 2லிருந்து 254 வரை எல்லா எண்ணையும் விநியோகிக்கும்படி அமைந்திருக்கும். அப்படியிருந்தால் மோடத்தின் டிஎச்சிபி பக்கத்தில் தொடக்க எண்ணை 20 என்று மாற்றுங்கள். 2 முதல் 19 வரை நம் கையில் இருக்கும், ரவுட்டர், பிரின்டர், கேமரா போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் இதைச் செய்யாமல் விட்டதால்தான் நான்கு நாள் போனது. அண்ணா வேலையிலிருந்து வந்து போனை வைஃபையில் போட்டால் பின்கட்டு ரவுட்டரின் பக்கம் திறக்காது. அவர் வெளியே போனால் திறக்கும். அவர் போனுக்கும் ரவுட்டருக்கும் ஒரே எண் போயிருந்தது. மோடத்தின் பட்டியலில் இணைந்திருக்கும் கருவிகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. முதல் நாளே அந்தப் பட்டியலைத் திறந்திருக்க வேண்டும்.

3 மார்ச், காலை 7.30

"மோடத்தை பிரிட்ஜ் மோடில் போட்டுவிட்டு, சொந்த ரவுட்டரையே ரவுட்டராக வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிட்ஜ் மோடு என்றால் மோடம் ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை அப்படியே கடத்திவிடும். தாராளமாகச் செய்யலாம். நல்ல ரவுட்டராக இருந்தால் அதுதான் சிறந்த வழியும்கூட. நான் ஆறு மாதம் அப்படித்தான் வைத்திருந்தேன்.

ஆனால் மூன்று விஷயங்களை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஒன்று, பிரிட்ஜ் மோடுக்குப் போனால் பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறைக்கான யூசர்நேமும் பாஸ்வேர்டும் உங்கள் ரவுட்டரில் போட வேண்டும். இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டு வாங்கி எழுதிவைத்துக்கொண்ட பிறகே கை வையுங்கள். சில இடங்களில் வீலான் எண்ணும் (அவர்கள் வலையில் உங்கள் பிரிவைக் குறிப்பது) தேவைப்படும். இரண்டாவது எம்டியூ, அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பாக்கெட்டின் உச்ச அளவு, பைட் கணக்கில். சாதாரணமாக 1500. பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492 என்று இருக்க வேண்டும். என் ரவுட்டரில் 1500 என்றே இருந்தது. எல்லாத் தளமும் வந்தது, ஒரு வங்கித் தளம் மட்டும் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கும். நான் வங்கியைத் திட்டிக்கொண்டிருந்தேன். 1492 போட்டதும் திறந்தது.

மூன்றாவது, மோடத்தில் தரைவழித் தொலைபேசி செருகியிருக்கிறதா? எங்கள் வீட்டில் இருந்தது. பிரிட்ஜ் மோடு போட்ட அன்றே அது ஊமையாகிவிட்டது. அம்மாவுக்கு பெரியம்மா அந்த எண்ணில்தான் கூப்பிடுவார். இரண்டு நாளாக அழைப்பு வரவில்லையே என்று அம்மா கவலைப்பட்ட பிறகுதான் நான் ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். எல்லா மோடத்திலும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். எங்களுடையதில் ஆனது. மோடத்தையே ரவுட்டராக விட்டுவிட்டு, என்னுடையதை ஆக்சஸ் பாயின்ட் ஆக்கியது அதற்குப் பிறகுதான்.

3 மார்ச், இரவு 10.20

இணையம் வந்துவிட்டது என்று படித்ததும் மகிழ்ச்சி. 300 எம்பிபிஎஸ் திட்டத்தில் பின்கட்டில் 94 மட்டும் வருகிறது என்கிறீர்களே, அந்த 94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. வைஃபை தடுமாறினால் 60, 110, 85 என்று எண் ஆடிக்கொண்டிருக்கும். எப்போது சோதித்தாலும் 94 என்று ஒரே இடத்தில் நின்றால், வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் கேபிள் இணைப்பு இருக்கிறது. பாக்கெட்களின் தலைப்புச் சுமை போக 94 அளவுக்குத்தான் பயன்பாட்டுக்கு மிஞ்சும்.

முதலில் ரவுட்டரின் துளைகள் கிகாபிட்டா (1000 எம்பிபிஎஸ்) என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள். பெட்டியின் முகப்பில் 1200 என்று பெரிதாகப் போட்டிருக்கும் சில ரவுட்டர்களில் துளைகள் 100 எம்பிபிஎஸ்தான். அந்த 1200 என்பது இரண்டு வைஃபை அலைவரிசைகளின் உச்ச வேகத்தைக் கூட்டிப் போட்டது.

துளை கிகாபிட் என்றால் கேபிளைப் பாருங்கள். உள்ளே எட்டு கம்பிகள், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தால் இரு முனையும் பேசிக்கொண்டு பெரும்பாலும் 100க்கு இறங்கிவிடும். இணையம் நிற்காது, அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. இதுதான் இதில் கெட்ட விஷயம்.

எங்கள் வீட்டில் கேபிள் இழுத்தவர் நான்கு கம்பியை மட்டும் முனையில் கிரிம்ப் செய்துவிட்டு (கனெக்டரில் அழுத்திப் பொருத்திவிட்டு), மீதி நான்கை வாசல் காலிங் பெல்லுக்குக் கொடுத்திருந்தார். முடிந்தவரை மிச்சம் பிடிக்கும் பழக்கம், அவர்மேல் கோபமில்லை. பெல்லுக்கு வேறு கம்பி போட்டு, எட்டையும் கிரிம்ப் செய்ததும் 94 என்பது 290 ஆனது. செலவு 20 ரூபாய் கனெக்டர்கள்.

4 மார்ச், காலை 6.50

அப்புறம் இன்னொன்று. கேபிளை மின்சார ஒயர் போகும் அதே பைப்பில் இழுத்திருக்கிறீர்களா? இழுத்திருந்தால் தனி வழி போடுங்கள். வேகத்துக்காகச் சொல்லவில்லை. பைப்புக்குள் மின் ஒயரின் உறை உரிந்தால் ரவுட்டரின் உலோக முனை வரை மின்சாரம் வரும். பழைய வீட்டில் இது நடக்கக்கூடியது. ஓட்டுத் தாழ்வார விளிம்பை ஒட்டி கேபிளைத் தனியாகக் கொண்டுபோகலாம். வெயில்படும் இடமென்றால் வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை கேபிள் வாங்குங்கள். சாதாரண உறை வெயிலில் நொறுங்கிவிடும்.

5 மார்ச், இரவு 8.15

இன்று சேனல் பற்றி, அதாவது வைஃபை ஓடும் அலைவரிசைத் துண்டு பற்றி. இதில் எனக்கு ரொம்ப நாள் தவறான எண்ணம் இருந்தது.

எங்கள் வீதியில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். கூடத்தில் நின்று தேடினால் 19 வைஃபை பெயர்கள் வருகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல்கள் உண்டு. யாரும் இல்லாத சேனலாகப் பார்த்து 3 என்று வைத்தேன். மோசமாகிவிட்டது.

காரணம் இதுதான். சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒவ்வொன்றும் ஓடுவது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில். 3இல் நிற்பவர் 1இல் இருப்பவர்களோடும் 6இல் இருப்பவர்களோடும் உரசுகிறார். 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றையொன்று தொடாதவை. பக்கத்து வீட்டார் 6இல் இருந்தால் நீங்களும் 6இல் இருப்பது 4இல் இருப்பதைவிட மேல். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பதால் காத்திருந்து பேசுவார்கள். பாதி ஒட்டிய சேனலில் இருந்து வருவது வெறும் இரைச்சலாகக் கேட்கும். அகலத்தை 20 என்றே வையுங்கள். 40 என்று வைத்தால் வீதிக்கே தொந்தரவு, உங்களுக்கும் லாபமில்லை.

உங்கள் இரண்டு பெட்டிக்கும் வேறு வேறு சேனல் கொடுங்கள். முன்கட்டு 1 என்றால் பின்கட்டு 11.

ரவுட்டரில் "5ஜி" என்று இருப்பது செல்போன் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. அதில் இடம் தாராளம். 36 முதல் 48 வரையும், 149 முதல் மேலேயும் தொல்லையில்லாதவை. நடுவில் 52 முதல் 144 வரை ராடாரோடு பகிர்ந்துகொள்ளும் பகுதி. அங்கே ரவுட்டர் முதலில் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டு, ராடார் இல்லையென்றால்தான் ஒலிபரப்பத் தொடங்கும். நடுவில் ராடார் கேட்டால் இடத்தைக் காலிசெய்துவிடும். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தாமதமாக வருகிறதே என்று முன்பு குழம்பியிருக்கிறேன். நான் வைத்திருந்த சேனல் 100.

5 மார்ச், இரவு 8.50

ரவுட்டரை பீரோவுக்குப் பின்னால் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள், கவனிக்காமல் விட்டுவிட்டேன். அங்கிருந்து எடுத்துவிடுங்கள். இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும். நிலைக்கண்ணாடியும் அப்படித்தான், பின்பூச்சு உலோகம். தண்ணீர் அலையை உறிஞ்சும், நிறைந்த தொட்டி ஒரு நல்ல தடுப்புச்சுவர். ஒன்றரை அடிச் செங்கல் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டவே திணறும்.

நம் வீடுகளில் முற்றம் ஒரு வரம். முற்றத்தை நோக்கிய தாழ்வாரத் தூணில் ஆளுயரத்துக்கு மேல் மாட்டினால், நான்கு பக்க அறைகளுக்கும் நேர்க்கோடு கிடைக்கும். மழைச் சாரல் படாத பக்கமாகப் பாருங்கள். நான் அறைக்குள்ளிருந்து தாழ்வாரத்துக்கு மாற்றியதில் கிடைத்த பலன், அதற்கு முன் செய்த எல்லா செட்டிங்ஸையும்விடப் பெரிது.

7 மார்ச், காலை 10.00

பெயர் வைப்பது பற்றி என் கருத்தை மாற்றிக்கொண்டதைச் சொல்கிறேன். "முன்கட்டு", "பின்கட்டு" என்று தனித்தனிப் பெயர் வைத்தால் எதில் இருக்கிறோம் என்று தெரியும் என்பது என் வாதமாக இருந்தது. எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு அது தினசரி வேலையானது. கூடத்தில் பேசத் தொடங்கி, பேசிக்கொண்டே சமையலறைக்குப் போனால் வீடியோ கால் உறைந்துவிடும். முன்கட்டின் மெலிந்த சிக்னலையே போன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

இப்போது இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு முறை. சேனல் மட்டும் வேறு. எப்போது மாறுவது என்பதைப் போன்தான் முடிவுசெய்யும், ரவுட்டர் இல்லை. போன் முன்கட்டையே பிடித்துக்கொண்டிருந்தால் முன்கட்டின் சக்தியை ஒரு படி குறையுங்கள். சக்தியைக் கூட்டுவது உதவாது. ரவுட்டர் கத்தினாலும் போனின் குரல் சிறியதுதான், அது ரவுட்டருக்குக் கேட்க வேண்டுமே.

9 மார்ச், மாலை 5.30

உங்கள் தங்கை சிங்கப்பூரிலிருந்து வாசல் கேமராவைப் பார்க்க வேண்டும், போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடுவது) போட்டும் வேலை செய்யவில்லை என்கிறீர்கள். போட்ட விதத்தில் தப்பில்லாமல் இருக்கலாம். மோடத்தின் வான் ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் உங்களுக்குப் பொது முகவரியே, அதாவது இணையத்திலிருந்து நேரே அடையக்கூடிய முகவரியே, கிடையாது. இணைப்பு கொடுப்பவர் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். ஆசிய பசிபிக் பகுதிக்கான ஐபிவி4 (இப்படி நான்கு எண் கொண்ட) பொது முகவரிகள் 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டன. இந்த 100.64 வரிசையை இதற்கென்றே 2012இல் ஒதுக்கினார்கள். உங்கள் மோடத்தில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியே அவர்களுடைய கதவு சாத்தியிருக்கிறது. இரண்டு மாலைகள் நான் இதில் போர்ட் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

பொது முகவரி கிடைத்தாலும் கேமராவுக்குப் போர்ட் திறக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. 2016இல் மிராய் என்ற நிரல், கடையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, பெரிய தளங்களையே முடக்கியது. ஒயர்கார்டு வகை விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு வலைக்குள் வர ஒரு பூட்டிய பாதை) ஒன்றை வையுங்கள். இதே முறையில் இயங்கும் டெய்ல்ஸ்கேல் போன்றவை உள்ளிருந்து வெளியே இணைவதால் பொது முகவரி இல்லாமலும் வேலை செய்யும். எப்போதும் ஓடும் ஒரு பழைய கணினி வீட்டில் இருந்தால் போதும். தங்கையின் போனில் ஒரு ஆப்.

9 மார்ச், இரவு 9.40

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2, குறியாக்கம் ஏஇஎஸ் என்று வையுங்கள். எல்லாக் கருவியும் ஏற்றுக்கொண்டால் டபிள்யூபிஏ3. எங்கள் ஸ்மார்ட் பிளக் ஏற்கவில்லை, அதனால் கலப்பு முறையில் வைத்திருக்கிறேன். குறியாக்கம் டிகேஐபி என்று இருந்தால் மாற்றுங்கள், அது பழையது, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்டுக்குப் பதில் பொத்தானாலோ ஓர் எண்ணாலோ இணைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011இலேயே தெரிந்துவிட்டது.

10 மார்ச், காலை 8.05

விருந்தினருக்குத் தனி வைஃபை போடச் சொல்லி வேறொரு நண்பருக்கு முன்பு பரிந்துரைத்திருந்தேன். ஆக்சஸ் பாயின்ட் மோடில் அது பல மாடல்களில் பெயரளவுக்குத்தான். பிரித்து வைப்பது ரவுட்டர் செய்யும் வேலை, அதைத்தான் நாம் நிறுத்திவிட்டோமே. எங்கள் பின்கட்டில் விருந்தினர் வைஃபையில் இணைந்து பார்த்தேன். பிரின்டரின் பக்கம் தாராளமாகத் திறந்தது. அதை நிறுத்திவிட்டு, ரேழி மோடத்தில் மட்டும் விருந்தினர் வைஃபை வைத்திருக்கிறேன். வருபவர்கள் உட்காருவதும் அங்கேதான்.

16 மார்ச், இரவு 7.20

கிரிம்ப் மாற்றி 280 வருவதாக நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். எந்தக் கம்பி விட்டிருந்தது என்றும் சொன்னதற்கு நன்றி. ஏழாவது கம்பி என்றால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அது தேவையே இல்லை, அதனால்தான் இத்தனை நாள் தெரியாமல் ஓடியிருக்கிறது.

நேற்று இங்கே இடியில் மோடம் போய்விட்டது. புதிதாக வந்த மோடம் 192.168.0.1 என்ற எண்ணோடு வந்தது, பின்கட்டு வைஃபையில் இணையம் வந்தாலும் அந்த ரவுட்டரின் பக்கம் திறக்கவில்லை. மோடத்தின் எண்ணை 192.168.1.1 என்று மாற்றி, டிஎச்சிபியை 20லிருந்து தொடங்க வைத்து, பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே போட்டேன். வீட்டில் யாரும் போனில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இந்த எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி ரேழி மாடத்தில் மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். பென்சிலால் எழுதியது, கொஞ்சம் மங்கிவிட்டது. இன்று பேனாவால் மறுபடி எழுதி ஒட்டினேன்.